செங்கலடியிலிருந்து மலை ஏறுவோருக்கு: நான்கு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஓகஸ்ட் மாதத்தில் நான்கு நாட்கள் கைவசம் உள்ளன; அறுபத்தெட்டு வயதுத் தாயார், இரண்டு பிள்ளைகள் உட்பட ஆறு பேர்; வாடகைக்கு ஒரு வான். வெள்ளைக்காரர் கட்டிய மலைநகரங்கள், இலங்கையின் பழங்குடிகளான வேடரின் கிராமம், காட்டு விலங்குகள் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துத் திரும்ப முடியுமா என்பது அவருடைய கேள்வி. அதன் கீழே, போகிற போக்கில் எழுதியது போல, "வேடர்களைப் போய் வேடிக்கை பார்ப்பது சரியா என்று என் மனைவி கேட்கிறார்" என்று ஒரு வரியும் இருந்தது. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. இடங்களின் பட்டியல் வேண்டுமென்றால் எங்கேயும் கிடைக்கும். எந்த ஒழுங்கில், எவ்வளவு நிதானமாக, எந்த மனநிலையோடு போவது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். முதல் நியமனம் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் கிடைத்தது. அங்கே நான்கு ஆண்டுகள் படிப்பித்தேன். பிறகு மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்து, போரினால் பதுளை வீதி அடைபட்டுக் கிடந்த காலம் போக, ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக அந்த மலைக்குக் கூட்டிச் சென்றிருக்கிறேன். ஆகவே பாதை, காற்று, மழை, மண், தோட்டம் ஆகியவை பற்றி நான் சொல்வதை நம்பலாம். விலங்கியல் நான் முறையாகப் படித்ததில்லை, வேடர் மொழி எனக்குத் தெரியாது, மருத்துவனும் அல்லன். கட்டணங்களை வேண்டுமென்றே எழுதவில்லை, அவை அடிக்கடி மாறுகின்றன.

முதலில் நேரடிப் பதில்: முடியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நுவரெலியாவை இந்தப் பயணத்தில் விட்டுவிட வேண்டும். நம்மவர்கள் மலைநாடு என்றாலே நுவரெலியா என்று நினைத்துக்கொண்டு, கண்டி சுற்றி ஏறி, ஒரு நாள் முழுவதும் வானுக்குள் இருந்து, இரவில் குளிரில் நடுங்கியபடி போய்ச் சேர்ந்து, மறுநாள் குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நமக்கென்று ஒரு மலை வாசல், மட்டக்களப்புக்குச் சற்று வடக்கே, செங்கலடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பிரியும் பதுளை வீதி, பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாக வரும் ஏ5 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு. அந்த வீதியை வெறும் பாதையாக நினையாமல், பயணத்தின் முதல் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் அதன் ஓரத்திலும் அதன் முடிவிலும் இருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே கதை என்பதும் அதில் போகும்போதுதான் விளங்கும்.

ஓகஸ்ட் நல்ல மாதமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். நுவரெலியா, அற்றன் பக்கத்துக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது அங்கே ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி, பதுளை அடங்கிய ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. இன்னும் கீழே சமவெளிக்கு வரும்போது சூடேறி, நம்முடைய ஊரில் கச்சான் காற்றாக அடிக்கிறது. ஆனி, ஆடியில் கதவைப் படாரென்று சாத்தி, கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் அதே கச்சான்தான், மேலே ஊவாவின் தேயிலைக் கொழுந்தை வாட்டி அதற்கு ஒரு தனி மணத்தைக் கொடுக்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு மிக நல்ல விலை கிடைப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்தப் பருவத்தில்தான். ஆகவே ஓகஸ்டில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பெரும்பாலும் வெளித்திருக்கும். அதே நாளில் நுவரெலியா மழையில் ஊறிக் கிடக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் இந்தப் பக்கம் போகாதீர்கள். நமக்கு வாடைக்காற்று மழை கொண்டு வரும் காலம் ஊவாவின் கீழைச் சரிவுகளுக்கும் மழைக்காலம். மண்சரிவுகளும் அக்காலத்தை ஒட்டியே அதிகம் நிகழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுள் புதைந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததும் மறக்கக் கூடியவை அல்ல.

முதல் நாள் விடிய ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். கறுப்புப் பாலம், கரடியனாறு, புல்லுமலை என்று, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முடிந்து காடு தொடங்கும்போது வெயில் ஏறியிருக்காது. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. வீதியிலிருந்து சற்று உள்ளே போக வேண்டும். சிறிய தொட்டிகளாகக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் கை வைக்கலாம், பக்கத்திலேயே இன்னொன்றில் வைக்க முடியாது. நிலத்தின் ஆழத்தில் சூடான பாறைகளிடையே இறங்கிய நீர் வெடிப்புகள் வழியே விரைவாக மேலேறுவதால் இந்தச் சூடு. எரிமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிள்ளைகளுக்கு அதை அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள். இதற்கு அப்பால் வரும் பதியத்தலாவ, மற்றும் பிபிலைப் பக்கத்து நில்கல முதலிய இடங்களில், புல்லும் இடைவெளி விட்டு நிற்கும் குட்டை மரங்களுமாக ஒரு வகைக் காடு உண்டு. சிங்களத்தில் தலாவ என்பது அந்தப் புல்வெளியைத்தான். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் அங்கே இயல்பாக வளர்கின்றன. திரிபலாதிச் சூரணத்தைக் கடையில் பொட்டலமாகவே பார்த்த பிள்ளைகளுக்கு அந்த மூன்று மரங்களையும் ஒரே இடத்தில் காட்டுவது ஒரு சிறிய இன்பம்.

இந்தக் காட்டுப் பகுதியின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் என்று பொருள் சொல்வார்கள். அந்த எண் ஓர் அணி என்றே நான் கொள்வேன். ஆனால் குளங்களும் வயல்களும் நிறைந்த நாடாக அது இருந்தது உறுதி. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், 1817-இல் இங்கே கிளர்ச்சி வெடித்தது. 1818 முடிவதற்குள் அது அடக்கப்பட்டது. நெல்லை எரித்தும், மாடுகளைக் கொன்றும், கனிமரங்களைத் தறித்தும் அடக்கினார்கள். நாம் இன்று வானின் கண்ணாடி வழியே பார்த்து "இயற்கைக் காடு" என்று வியப்பதில் ஒரு பகுதி, ஊர் அழிந்தபின் முளைத்த காடு. மேலே போய் அழகான பங்களாக்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்போது உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பதியத்தலாவையிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில், மகியங்கனையை அடைவதற்கு முன்பே, தம்பானைக்குப் பாதை பிரிகிறது. இலங்கையில் மிக அதிகம் பேசப்படும் வேடர் ஊர் அதுதான். தம்மை அவர்கள் வன்னியலத்தோ என்பார்கள், காட்டு மனிதர் என்ற பொருளில். இப்போதைய தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ. அவருடைய தகப்பனார் திசாஹாமி 1998-இல் காலமானார். 1983-இல் மதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது, மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ஒரு பகுதியாக, அந்தக் காட்டிலிருந்த வேடர் குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. வயலும் வீடும் கொடுத்தார்கள், காட்டைக் கொடுக்கவில்லை. திசாஹாமி போக மறுத்து, சில குடும்பங்களோடு தம்பானையிலேயே இருந்துவிட்டார். வேட்டையும் தேனும் ஒரே நாளில் குற்றமாயின. அவர் மகன் 1996-இல் ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகளின் பழங்குடிகள் பற்றிய செயற்குழுவில் இதைத்தான் பேசினார்.

ஆகவே "பார்க்கப் போவது சரியா" என்பதற்கு என் பதில்: காட்டை இழந்தவர்களுக்கு இப்போது வருமானம் வருகிறவர்களால்தான் வருகிறது, அதனால் போவதில் தவறில்லை, எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவரைச் சந்திக்கப் போகும்போது வெற்றிலை, பாக்கு கொண்டு போங்கள். அது நம் ஊர் மரியாதையும்தான். சாராயமோ சிகரெட்டோ கொடுக்காதீர்கள். முன்பு வந்து போனவர்கள் அந்தப் பழக்கத்தால் செய்த கெடுதல் போதும். அவர் உங்கள் இரண்டு முழங்கைகளுக்குக் கீழே தம் கைகளால் பிடித்து வரவேற்பார். நீங்களும் அப்படியே பிடிக்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வந்தவர்களுக்காக ஆடிக்காட்டும் ஆட்டம், தீக்கடையும் காட்சி எல்லாம் உண்டு. அவை காட்சிக்காக நடப்பவை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேடர்கள் வீட்டில் கைத்தொலைபேசி இருப்பதைக் கண்டு "இவர்கள் உண்மையான வேடர்கள் இல்லை" என்று முணுமுணுக்கும் பெரியவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாமும் வள்ளம் வலித்துக்கொண்டு பாடசாலைக்குப் போவதில்லை. அதனால் நாம் மட்டக்களப்பார் இல்லை என்று ஆகிவிடுமா? அங்கே விற்கும் தேனைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: எல்லாப் போத்தலும் காட்டுத் தேன் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

மொழி விடயத்தில் தெளிவானது இவ்வளவுதான்: இன்று தம்பானையில் அன்றாடப் பேச்சு சிங்களம், வேடர் மொழி என்று அவர்கள் பேசிக்காட்டுவதிலும் சிங்களத்தின் பங்கு மிகப் பெரிது. அதன் அடியில் இன்னும் பழைய, வேறொரு மொழி இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. தமிழில் பேசி எதையும் கேட்க முடியாது. சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் வானில் இருப்பது அவசியம்.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒருமுறை தம்பானையில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தபோது, வாகரைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன் மட்டும் கை தட்டாமல் நின்றான். வானுக்குத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சேர், எங்கட அம்மம்மாவும் வேடர்தான்" என்றான். இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் படிப்பித்திருக்கிறேன். அதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. வாகரை, மாங்கேணி, பனிச்சங்கேணி முதலிய ஊர்களில் கரையோர வேடர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், கடலிலும் களப்பிலும் மீன் பிடிக்கிறார்கள், தங்களுக்கென்ற சடங்குகளை வைத்திருக்கிறார்கள். 1907, 1908-ஆம் ஆண்டுகளில் வேடரை ஆராய வந்த செலிக்மன் தம்பதியர் இவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய்ப் பார்க்கும் ஆவல் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, நம் மொழியிலேயே பேசும் வேடரை நாம் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறோம். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். வாகரைக்கு ஆட்டம் பார்க்க என்று போகாதீர்கள், அங்கே அப்படி எதுவும் இல்லை; சடங்குக் காலத்தில் தெரிந்தவர் ஒருவரோடு போய் வாருங்கள்.

அன்றிரவு மகியங்கனையில் தங்குவது வசதி. மறுநாள் காலை மீகஹகிவுல வழியாகப் பதுளைக்கு ஏறலாம். யானை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மதுறு ஓயாப் பூங்கா அருகில்தான் இருக்கிறது. ஆனால் நான் அதற்கு நேரம் ஒதுக்கமாட்டேன். படுவான்கரையில் இருப்பவருக்கு யானையைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, அது தானே வேலியை உடைத்துக்கொண்டு வருகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வளரும் பிள்ளைகளுக்கு யானை காட்டுவதென்றால், இந்தப் பயணத்தோடு சேர்க்காமல், வேறொரு நாள் அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குப் போங்கள். கல்லோயா தேசிய பூங்கா 1954-இல் உருவாக்கப்பட்டது. சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் சென்று விலங்கு பார்க்கும் இடம் அது. நீர் வற்றத் தொடங்கும் மார்ச் முதல் ஜூலை வரையான மாதங்களில், புல் தேடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காண வாய்ப்பு உண்டு. தும்பிக்கை மட்டும் நீருக்கு மேலே தெரிய, முதுகு கறுத்த பாறை போல மெல்ல நகரும். அந்தக் குளமும் வேடர் திரிந்த காட்டையும் குகைகளையும் மூழ்கடித்துத்தான் உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதுளையைப் பலர் பஸ் மாறும் இடமாக மட்டுமே பார்க்கிறார்கள். அது தவறு. நகரில் முதியங்கனை விகாரை பழையது. அதற்கு மிக அருகில் அல்லாவிடினும் நடந்து போகும் தூரத்தில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. 1857-இல் கட்டப்பட்ட அந்த அங்கிலிக்கன் கோயில், தோமஸ் ரொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரியின் நினைவாக எழுந்தது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். யானை வேட்டைக்காகவே பெயர் பெற்றவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் வேட்டைக்காரர் பேச்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பாதிதான் உண்மை என்றாலும் பயங்கரம். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார் என்பது உறுதியான செய்தி. நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது என்று சொல்லப்படுவதை மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், வரலாறாக அல்ல. நகருக்கு வெளியே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரமானது. ஒன்றரைக் கிலோமீற்றர் போலக் கல்லும் படியுமாக நடக்க வேண்டும். உங்கள் தாயாருக்கு அது வேண்டாம்.

தங்குவதற்கு அப்புத்தளையையே நான் சொல்வேன். ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், கத்தி முனை போன்ற ஒரு முகட்டில் ஊர் அமர்ந்திருக்கிறது. கடைத்தெருவில் நின்றால் ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறு பக்கம் தெற்குச் சமவெளி. வானம் வெளித்த இரவில் அந்தச் சமவெளியின் விளக்குகள் கீழே தெரியும். 1931-இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் மாளிகை இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா எனும் பௌர்ணமி நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும் உள்ளே விடுவார்கள். கல்லும் தேக்கும் நூலகமுமாக இங்கிலாந்துக் கிராமத்து வீடொன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். தியத்தலாவை பக்கத்தில்தான், 1900-இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் யுத்தக் கைதிகளை ஆங்கிலேயர் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். தாயாருக்கு மலைக்காட்சி வேண்டுமென்றால் தம்பத்தன்னைத் தோட்டத்தின் மேலே இருக்கும் லிப்டன் ஆசனத்துக்கு ஓட்டோவில் போகலாம். காலை எட்டு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் கீழிருந்து ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். தேயிலை வணிகர் லிப்டன் 1890-இல் கட்டிய தொழிற்சாலை அந்த வழியில்தான். தோட்டத்து மக்கள் அதை "ஸ்டோர்" என்பார்கள்.

தோட்டத்துக்குள் போகும்போது, பச்சை விரிப்பு என்று வியப்பதோடு நிற்காதீர்கள். கோப்பிப் பயிருக்காக 1820-களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் அங்கே வேலை செய்பவர்கள். 1867-இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கினார். 1869-இல் கோப்பியைத் துருநோய் பிடித்து, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. ஆட்கள் மட்டும் அதே லயன்களில் இருந்தார்கள். 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்த நிலை சட்டப்படி முற்றாகத் தீர 2003 வரை ஆயிற்று. நான் படிப்பித்த பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாமார் நேரே மலையிலிருந்து வருவார்கள். கையெழுத்துப் போடும்போது அவர்களுடைய பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து, தோல் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் பேனா வழுக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை, மழை பெய்தால் தகரக் கூரையில் பேச்சே கேட்காது. லயனைப் படம் எடுக்க வேண்டாம். யாருடைய வீட்டு முற்றத்தையும் நாம் அப்படி எடுக்கமாட்டோம். பேச்சுக் கொடுங்கள். மட்டக்களப்புத் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், அவர்கள் "பெரட்டுக்குப் போகணும்" என்பது (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) உங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. அங்கிருந்து பேச்சு தானாக வளரும்.

மூன்றாம் நாள் ஹோட்டன் சமவெளி. அப்புத்தளையிலிருந்து ஒகிய வழியாக ஏறலாம்; விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டால் வாயில் திறக்கும்போது அங்கே நிற்கலாம். 1988-இல் தேசிய பூங்காவானது. பரப்பு 3,160 ஹெக்டயர். உயரம் 2,100 மீற்றருக்கு மேல். 2010-இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ அறிவித்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடும்படி 1873-இல் அரசுக்கு ஆலோசனை சொன்னார். அது ஏற்கப்படாதிருந்தால் இன்று இதுவும் தேயிலை மலையாகவே இருந்திருக்கும். உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளமும் பேக்கர் நீர்வீழ்ச்சியும் சேர்ந்த சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நடக்கக் கூடிய பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் போதும். பிளாஸ்ரிக் பைகளை வாயிலிலேயே பறித்துவிடுவார்கள். சாப்பாட்டை ரிபன் பெட்டியில் கொண்டு போங்கள். மரைகள் வீதியோரத்திலேயே நிற்கும். தின்னக் கொடுத்துப் பழக்கியதால் அவை மனிதரிடம் வருகின்றன, நீங்கள் கொடுக்காதீர்கள். அடர்ந்த மயிரோடு கரடியைப் போலத் தோன்றும் மந்தியின் கரகரத்த கூச்சலைக் கேட்கலாம். சிறுத்தை உண்டு, ஆனால் உங்களுக்குக் காணக் கிடைக்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். இத்தனை முறை போன எனக்கு ஒருமுறை ஈர மண்ணில் அதன் அடிச்சுவடு மட்டுமே கிடைத்தது. யானைகள் அங்கே முன்பு இருந்தன. இப்போது இல்லை.

ஓகஸ்டில் அந்தச் சமவெளியில் காற்று பலமாக அடிக்கும், மூடுபனியும் வரும். உலக முடிவில் வெள்ளைச் சுவரைத் தவிர எதுவும் தெரியாமல் போகவும் கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு மிக நல்ல காலம். தாயாரைப் பொறுத்தவரை, அந்த உயரத்தில் மூச்சு சற்று விரைவாக வாங்கும். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். என் சொந்த அபிப்பிராயம், அவரும் ஒருவர் துணையும் அன்று அப்புத்தளையிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போய் வரட்டும். அந்தப் பாதை 1924-இல்தான் பதுளையை எட்டியது. அதே ஆண்டுதான் கல்லடியில் நம்முடைய சீமாட்டி மனிங் பாலமும் திறக்கப்பட்டது என்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். எல்லவை அடுத்துள்ள ஒன்பது வளைவுப் பாலம் இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக 1921-இல் கட்டப்பட்டது. ஆனால் ரயில் ஓடுகிறதா என்பதை முந்திய நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். மண்சரிந்தால் முதலில் நிற்பது இந்தப் பாதைதான்.

நுவரெலியாவை விடச் சொன்னதற்கு நியாயம் சொல்லவில்லை. 1848-இல் சாமுவேல் பேக்கர் குடியேறி ஆங்கிலக் கிராமம் ஒன்றை உண்டாக்க முயன்ற இடம் அது. சிவப்புச் செங்கல் தபாலகம், 1870-களில் ஆளுநர் கிரகரி உருவாக்கிய ஏரி, ஹக்கலப் பூங்கா எல்லாம் பார்க்கத் தகுந்தவையே. சீதாஎலியவில் அம்மன் கோயிலும் உண்டு, அது நம்பிக்கையின் இடம், இராமாயணத்துக்கு அங்கே தொல்லியல் சான்று இல்லை. ஆனால் இவற்றுக்கு நியாயம் செய்ய இரண்டு நாள் வேண்டும். மாசி, பங்குனியில் தனியாகப் போங்கள். சித்திரைக் கூட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, வானைப் பற்றி. நம் ஊர்ச் சாரதிகள் திறமைசாலிகள்தான். ஆனால் கல்லடிப் பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் அறியாதவரும் அவர்களில் உண்டு. ஒருமுறை லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும்போது எங்கள் வாடகை வான் சாரதி இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தார். முதலில் எரிந்த இறப்பர் மணம் வந்தது; பிறகு பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. ஒரு வளைவில் மண்மேட்டில் உரசி நிறுத்தினார். இருபத்திரண்டு பிள்ளைகள் உள்ளே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் வழக்கம். புறப்படுமுன் உங்கள் சாரதியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். நான்காம் நாள் திரும்பும்போது பசறை, லுணுகலை, பிபிலை வழியாக வாருங்கள். பிபிலையில் தோடம்பழம் வாங்கலாம். காலை பத்து மணிக்குள் பதுளையைத் தாண்டிவிடுங்கள். மகா ஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் பொழுது சாய்ந்ததும் யானை வீதிக்கு ஏறும். நான்கு மணிக்கு முன்பு அந்தத் துண்டைக் கடந்துவிட வேண்டும். பிந்திவிட்டால் மகா ஓயாவிலேயே இரவு தங்கி, விடிந்தபின் வாருங்கள்.